லேப்டாப் பேனலைக் கேபினெட்டுக்குள்ளேயே பொருத்துவது எப்படி? நேரலை வேலைக்கு ஒரு பெட்டிக் கணினி

ஈரோடு நேரலை | ஏப்ரல் 3, இரவு 10:15

வணக்கம் நண்பர்களே. ஈரோட்டைச் சுற்றிக் கல்யாணம், கோயில் திருவிழா என்று நேரலை ஒளிபரப்பு செய்வது என் தொழில். மூன்று கேமரா, ஒரு கணினி, அதில் கேமராப் படங்களைக் கணினிக்குள் எடுக்க, நான்கு ஹெச்டிஎம்ஐ உள்ளீடு உள்ள காப்சர் கார்டு. ஒவ்வொரு மண்டபத்துக்கும் கேபினெட் ஒரு கையில், மானிட்டர் ஒரு கையில், கீபோர்டும் ஒயர் மூட்டையும் தம்பிமார் தோளில் என்று போகிறோம். முகூர்த்தம் நாலரைக்கு என்றால் மூன்று மணிக்கே மேடை ஓரத்தில் டார்ச் அடித்து ஒயர் சொருகிக்கொண்டிருப்பேன்.

போன மாதம் வேனில் ஸ்பீக்கர் ஸ்டாண்டு சரிந்து மானிட்டர் மேல் விழுந்தது. மூலையிலிருந்து மூலைக்கு ஒரே விரிசல். பெண் வீட்டார் பாதிப் பேர் வெளிநாட்டில் காத்துக்கொண்டிருக்கிறார்கள், என்னிடம் திரை இல்லை. மண்டபத்து ஆபீஸில் இருந்த டிவியைக் கேட்டு வாங்கித்தான் அன்றைக்கு வேலையை முடித்தேன். அன்று வீட்டுக்கு வந்து தூக்கமே வரவில்லை.

திரையும் கணினியும் ஒரே பெட்டியாக இருந்தால் இந்தக் கஷ்டம் இல்லை. என் தம்பியின் லேப்டாப்பில் தண்ணீர் கொட்டி மதர்போர்டு போய்விட்டது, 15.6 இஞ்ச் திரை மட்டும் நன்றாக இருக்கிறது. என்னிடம் மினி ஐடிஎக்ஸ் என்கிற சின்ன அளவு மதர்போர்டு ஒன்று உண்டு. சூட்கேஸ் மாதிரி மூடியைத் திறந்தால் மூடியில் திரை, கீழே கீபோர்டு. இதுதான் என் மனதில் இருக்கும் படம்.

ஹெச்டிஎம்ஐ ஒயரை அந்தத் திரையில் நேராகக் கொடுக்க வழி உண்டா? அதற்குத் தனி அடாப்டர் வேண்டுமா? பெட்டிக்குப் பிளைவுட் தாங்குமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

சேலத்து ரசிகன் | ஏப்ரல் 3, இரவு 10:52

அண்ணா, இவ்வளவு சிரமம் எதற்கு? நல்ல லேப்டாப் ஒன்று வாங்கினால் திரையும் கணினியும் ஒன்றாகத்தானே இருக்கிறது? இல்லையென்றால் யுஎஸ்பி-சியில் ஓடும் கையடக்க மானிட்டர் கிடைக்கிறதே.

ஈரோடு நேரலை | ஏப்ரல் 3, இரவு 11:08

தம்பி, காப்சர் கார்டு பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் உட்காரும் வகை. லேப்டாப்பில் அதற்கு இடம் இல்லை. யுஎஸ்பி டப்பாக்கள் மூன்றை ஒன்றாகப் போட்டு ஓட்டிப் பார்த்தேன். தாலி கட்டும் நேரத்தில் ஒரு கேமரா அப்படியே நின்றுவிட்டது. அதற்கப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை. கையடக்க மானிட்டர் வாங்கினாலும் அதுவும் தனியாகத் தூக்கவேண்டிய இன்னொரு கண்ணாடிதான்.

பேனல் பட்டறை | ஏப்ரல் 4, காலை 7:30

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் பல வருடமாக லேப்டாப் திரை மாற்றிக் கொடுக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன் நண்பரே.

நேராகக் கொடுக்க முடியாது. லேப்டாப்பில் மூடிக்குள் இருப்பது மானிட்டர் இல்லை, வெறும் பேனல். ஹெச்டிஎம்ஐ சிக்னலைப் புரிந்துகொள்ளும் மூளை அதில் கிடையாது. லேப்டாப்பின் மதர்போர்டே பேனலுக்குப் புரியும் பாஷையில் பேசிவிடும். அந்தப் பாஷை இரண்டு வகை: பழையது எல்விடிஎஸ், புதியது இடிபி. உங்கள் கணினிக்கும் பேனலுக்கும் நடுவில் மொழிபெயர்க்க ஒரு கன்ட்ரோலர் போர்டு வேண்டும். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். கூடவே பேனலுக்குப் போகும் கேபிள், பட்டன் வைத்த சின்னப் பட்டை போர்டு. மூன்றும் ஒரே செட்டாக விற்பார்கள்.

எதையும் வாங்குவதற்கு முன் பேனலை வெளியே எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பின்னால் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும். லேப்டாப் எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்பது இங்கே உதவாது. ஒரே மாடலில் நான்கு கம்பெனிப் பேனல் வந்திருக்கும். அந்த ஸ்டிக்கரில் உள்ள எண்தான் ஜாதகம். எல்ஜி பேனலாக இருந்தால் எல்பி156டபிள்யூஎச்4 என்கிற மாதிரி வரும். 156 என்றால் 15.6 இஞ்ச். டபிள்யூஎச் என்றால் 1366×768, டபிள்யூஎஃப் என்றால் 1920×1080. அதற்குப் பின்னால் உள்ள கடைசி எழுத்துகளையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு எழுத்து மாறினால் எல்விடிஎஸ் இடிபி ஆகிவிடும்.

சிலர் 40 பின் என்றால் எல்விடிஎஸ், 30 பின் என்றால் இடிபி என்று சொல்லிக்கொடுப்பார்கள். பெரும்பாலும் சரிதான். ஆனால் டச் வைத்ததும் 4கே-யும் 40 பின்னிலேயே இடிபி-யாக வருவதுண்டு. பின்னொளிக்கு மெல்லிய டியூப் விளக்கு வைத்த இன்னும் பழைய வகையில் 30 பின்னிலேயே எல்விடிஎஸ் இருக்கும். அதில் பேனல் ஓரத்திலிருந்து இரண்டு மெல்லிய ஒயர் தனியாக வெளியே வரும், அதுதான் அடையாளம். ஆகவே பின்னை எண்ணி முடிவு செய்யாதீர்கள். எண்ணைப் போட்டு டேட்டாஷீட், அதாவது பேனல் கம்பெனியின் விவரத்தாள், எடுத்துப் பாருங்கள்.

இன்னொன்று, இதைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். கன்ட்ரோலர் போர்டில் பேனலுக்குப் போகும் வோல்டேஜை மாற்ற ஒரு ஜம்பர் இருக்கும்: 3.3, 5, 12. லேப்டாப் பேனலுக்கு 3.3. மேசை மானிட்டரின் 17, 19 இஞ்ச் பேனல்களுக்குப் பெரும்பாலும் 5. 12 என்பது பெரிய டிவிக்கு. ஆரம்பத்தில் நான் ஒரு நல்ல பேனலை 12-ல் வைத்துக் கொடுத்துவிட்டேன். புகைகூட வரவில்லை. திரை ஒரு தடவை வெளுத்தது, அவ்வளவுதான், போய்விட்டது. வாடிக்கையாளரின் பொருள் அது. இன்றைக்கும் பேனலைச் சொருகும் முன் மல்டிமீட்டர் வைத்து 3.3 வருகிறதா என்று பார்க்காமல் சொருகமாட்டேன்.

ஈரோடு நேரலை | ஏப்ரல் 4, இரவு 9:20

அண்ணா, மிக்க நன்றி. ஸ்டிக்கரைப் பார்த்தேன். நீங்கள் சொன்ன அதே எல்பி156டபிள்யூஎச்4, பக்கத்தில் டிஎல், ஏ1 என்று இருக்கிறது. 40 பின். டேட்டாஷீட்டும் கிடைத்தது, எல்விடிஎஸ்தான்.

பேனல் பட்டறை | ஏப்ரல் 4, இரவு 9:41

நல்லது. அதற்கு போர்டு சுலபமாகக் கிடைக்கும். வாங்கும்போது முழு எண்ணையும் கொடுத்து "இந்தப் பேனலுக்கு புரோகிராம் போட்டுக் கொடுங்கள்" என்று கேளுங்கள். 1366×768, ஒற்றைச் சேனல் (சிக்னல் ஒரே தொகுதிக் கம்பியில் வரும்), 6 பிட் (ஒவ்வொரு நிறத்துக்கும் ஆறு பிட்). இந்த மூன்றும் ஒத்துப்போகவேண்டும். எல்இடி பேக்லைட் என்பதால், டியூப் விளக்கை எரியவைக்கும் இன்வெர்ட்டர் போர்டு தேவையில்லை, பேனலுக்குள்ளேயே டிரைவர் இருக்கிறது. போர்டுக்கு 12 வோல்ட் கொடுத்தால் போதும்.

இன்னும் ஒன்று. செத்த லேப்டாப்பைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். மூடிக்குள் பேனலின் இரண்டு பக்கமும் நீளமாக ஒரு தகரப் பட்டை ஓடும், கீலோடு சேர்ந்து. பேனலைப் பிடிக்க அதைவிடப் பொருத்தமான கிளாம்பு உலகத்தில் கிடையாது. அதில் உள்ள பொடி ஸ்க்ரூக்களையும் பத்திரமாக எடுத்து வையுங்கள். நீள ஸ்க்ரூ போட்டால் உள்ளே போய்ப் பேனலைக் குத்தும்.

பழைய ஆபரேட்டர் | ஏப்ரல் 5, காலை 6:10

தம்பி, நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகிறது. உங்கள் படத்தைப் படித்ததும் எழுதவேண்டும் என்று தோன்றியது.

நீங்கள் நினைப்பது போன்ற பெட்டி புதிதல்ல. 1981-ல் ஆஸ்போர்ன் 1 என்று ஒன்று வந்தது. 5 இஞ்ச் திரை, எடை சுமார் 11 கிலோ. அதற்கு அடுத்த வருடக் கடைசியில் காம்பாக் போர்ட்டபிள் அறிவிக்கப்பட்டது. 9 இஞ்ச் பச்சைத் திரை, 28 பவுண்டு, நம் கணக்கில் 12 கிலோ 700 கிராம். குவைத்தில் நான் வேலை பார்த்த கணக்கு அலுவலகத்தில் அது ஒன்று இருந்தது. சரக்குக் கிடங்குக்கும் அலுவலகத்துக்கும் வாரம் இரண்டு முறை அதைத் தூக்கிக்கொண்டு போவது என் வேலை. தையல் மெஷின் பெட்டி போல் இருக்கும்.

நான் சொல்ல வருவது இதுதான். அந்த இரண்டிலும் திரை மூடியில் இல்லை. திரை பெட்டியின் உடம்பில் அசையாமல் இருந்தது. கீபோர்டுதான் மூடி. வேலை செய்யும்போது கீபோர்டைக் கழற்றி முன்னால் வைப்போம். முடிந்ததும் அதையே திரைமேல் வைத்துப் பூட்டினால் திரைக்கு அதுவே கவசம். மடங்கும் இடத்தில் திரைக்கான ஒயர் எதுவும் போகாது. எத்தனை ஆண்டு தூக்கினாலும் அறுந்துபோக அங்கே ஒன்றும் இல்லை.

அந்தக் காலத்தில் கனமான பிக்சர் டியூப் என்பதால் அவர்களுக்கு வேறு வழி இல்லை என்பீர்கள். உண்மைதான். ஆனால் வேனில் குலுங்கிப் போகிற பொருளுக்கு அந்த அமைப்புதான் இன்றைக்கும் சரி என்று என் மனது சொல்கிறது.

தச்சுப்பலகை | ஏப்ரல் 5, காலை 11:35

ஐயா சொன்னதை நான் அப்படியே ஆமோதிக்கிறேன். என் அப்பா நாடகக்காரர்களுக்கு ஹார்மோனியப் பெட்டி சரிசெய்து கொடுப்பார். கீல் வைத்த பெட்டிகள் எல்லாமே கீல் பக்கம்தான் முதலில் வாய் பிளந்து வரும். மூடியில் கனமான பொருளை மாட்டி, அதைத் திறந்தபடி நிறுத்தவும் வேண்டும் என்றால் கீலில் விழுகிற சுமை அதிகம். பிளைவுட்டின் ஓரத்தில் ஸ்க்ரூ பிடிப்பே குறைவு. ஒரு வருடம் தாங்கும், அப்புறம் ஆட்டம் கொடுக்கும்.

பேனல் பட்டறை | ஏப்ரல் 5, பகல் 12:02

லேப்டாப்பில் திரை போய்விட்டது என்று வருவதில் கணிசமானவை பேனல் கோளாறே இல்லை. கீல் வழியாகப் போகும் கேபிள் மடங்கி மடங்கி உள்ளே இழை அறுந்திருக்கும். ஐயா சொல்வது நூற்றுக்கு நூறு.

ஈரோடு நேரலை | ஏப்ரல் 5, இரவு 8:45

படித்ததும் ஒரு நிமிஷம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மூடியைத் திறந்தால் திரை என்பதைத் தவிர வேறு மாதிரி நான் யோசிக்கவே இல்லை. கீபோர்டு மூடி. அப்படியே செய்கிறேன் ஐயா.

ஆனால் ஒரு பயம். திரை உடம்பில் என்றால் அதற்கு நேர் பின்னால் மதர்போர்டு வரும். சித்திரை வெயிலில் தகரப் பந்தலுக்கு அடியில் நாலு மணி நேரம் ஓடும். சூடு தாங்குமா?

மின்மினி | ஏப்ரல் 5, இரவு 10:30

நல்ல கேள்வி. நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள், தொழிற்சாலைக் கருவிகளுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி வடிவமைக்கிறேன். இதே சிக்கல் எங்களுக்கும் தினமும் உண்டு.

லேப்டாப் பேனல்களின் டேட்டாஷீட்டில் பொதுவாக 0 முதல் 50 டிகிரி வரை என்று போட்டிருப்பார்கள். ஈரோட்டில் வெளியே 40 என்றால் உங்களுக்கு மிச்சம் இருப்பது 10 டிகிரிதான். அதைத் தாண்டி மிகவும் சூடானால் உள்ளே இருக்கும் திரவப் படிகம் தன் ஒழுங்கை இழந்து வெறும் திரவமாகிவிடும். உங்களுடையது போன்ற பேனலில் அந்த இடம் கருப்புத் திட்டாகத் தெரியும். ஆறினால் திரும்பிவிடும், ஆனால் முகூர்த்த நேரத்தில் ஆறும்வரை காத்திருக்க முடியாது. அடிக்கடி அப்படிச் சூடானால், ஒளியை வடிகட்டும் போலரைசர் படலமும் கெடும்.

வழி இருக்கிறது. பேனலுக்குப் பின்னால் 10 முதல் 12 மில்லிமீட்டர் வெற்றிடம். அதற்குப் பின் ஒரு அலுமினியம் ஷீட், 1.5 மில்லிமீட்டர் போதும், பெட்டியின் முழு அகலத்துக்கும். மதர்போர்டை அந்த ஷீட்டின் மறுபக்கத்தில் ஸ்டாண்ட்-ஆஃப் என்கிற சின்ன உலோகக் கால் வைத்து மாட்டுங்கள். பிராசஸரும் காப்சர் கார்டும் பின்புறம் பார்த்தபடி நிற்கும். பின் பலகையில் 120 மில்லிமீட்டர் ஃபேன், காற்றை வெளியே தள்ளும்படி. காற்று உள்ளே வரும் துளைகளைப் பெட்டியின் அடியில், பேனலுக்கும் ஷீட்டுக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சந்துக்கு நேராகப் போடுங்கள். குளிர்ந்த காற்று முதலில் பேனலின் முதுகைத் தடவி மேலே ஏறி, ஷீட்டின் மேல் விளிம்பைத் தாண்டிப் பின்னால் போகவேண்டும். இந்தப் பேனல்களில் எல்இடி பட்டை பெரும்பாலும் கீழ் விளிம்பில்தான் இருக்கும், தன் பங்குக்கு அதுவும் சூடாகும். அது முதலில் குளிர்வது நமக்கு லாபம்.

அடுத்தது மின்சாரம். தனி அடாப்டர் வேண்டாம். கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்-ஸின் நாலு கம்பி மோலக்ஸ் வாயில் மஞ்சள் 12, சிவப்பு 5, இரண்டு கருப்பும் எர்த். மஞ்சளும் ஒரு கருப்பும் எடுத்து 5.5×2.1 அளவு உருண்டை ஜாக்கில் பற்றவைத்தால் கன்ட்ரோலர் போர்டு ஓடும். மொத்தம் 10 வாட் அளவுதான் இழுக்கும். நடுவில் 2 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று கட்டாயம் போடுங்கள். பற்றவைத்த இடத்தில், சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். கணினியை அணைத்தால் திரையும் தானாக அணையும், ஸ்லீப்பில் போட்டாலும் 12 வோல்ட் நின்றுவிடும். தனி அடாப்டரால் வரும் இன்னொரு தொந்தரவும் போகும்: வேறு பிளக்கிலிருந்து மின்சாரம் வந்து, கூடவே சவுண்டுக்காரர் மிக்ஸரோடு ஒயர் சேர்ந்தால், ஆடியோவில் ஒரு உறுமல் வரும். நேரலைக்காரருக்கு அது தெரிந்த சத்தம்தான்.

தச்சுப்பலகை | ஏப்ரல் 6, காலை 9:15

அக்கா சொன்ன அமைப்புக்கு நான் மில்லிமீட்டரில் அளவு போட்டுப் பார்த்தேன். மினி ஐடிஎக்ஸ் 170×170. எஸ்எஃப்எக்ஸ் என்கிற சிறிய வகை எஸ்எம்பிஎஸ் 125×100, உயரம் 63.5. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 295. மதர்போர்டின் வாய்கள் இடது பக்கம் பார்க்கும். ஒயர் சொருகிய பிளக் பெட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, ஆகவே அந்தப் பக்கம் 60 உள்வாங்கிக் குழி விடுங்கள். மொத்தம் 355. உங்கள் பேனலின் வெளி அளவு 359.3×209.5. உள் அகலம் 382, உள் உயரம் 240, ஆழம் 180 வைத்தால் எல்லாம் அடங்கும். 9 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட் போதும். 12 போட்டால் கனம்தான் ஏறும். மூலைக்கு மூலை உள்ளே ஒரு இஞ்ச் அலுமினியம் ஆங்கிள் கொடுத்து ரிவெட் அடியுங்கள், பசையை மட்டும் நம்பவேண்டாம்.

முன் பலகையில் ஜன்னல் வெட்டுவதைப் பற்றி விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பார்க்கிறவர் கண் போவது அங்கேதான். படம் தெரியும் பகுதி 344.2×193.5. பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர் விட்டு 346×195.5 வெட்டுங்கள். படப்பகுதி பேனலின் நடுவில் இருக்காது. கீழ் ஓரம் அகலம், மேல் ஓரம் குறுகல். அதனால் அளவு நாடாவை நம்பாமல், பேனலை ஒரு அட்டையில் கவிழ்த்து வைத்து வெளி விளிம்பைப் பென்சிலால் வரைந்து, நிமிர்த்திப் படப்பகுதியையும் அதே அட்டையில் குறித்து, அந்த அட்டையை வெட்டி ஒரு தடவை பேனல்மேல் வைத்துப் பாருங்கள். அட்டை சரியாக உட்கார்ந்த பிறகுதான் பலகையில் கை வைக்கவேண்டும். நாலு மூலையிலும் டிரில் போட்டு, ஜிக்ஸாவைக் கோட்டுக்கு உள்ளே ஒரு நூல் தள்ளியே ஓட்டுங்கள். மிச்சத்தை அரத்தால் கோடு வரை கொண்டுவாருங்கள். அரத்தை முன்னால் தள்ளும்போது மட்டும் அழுத்தம். இழுக்கும்போது அழுத்தினால் மேலே ஒட்டிய மைக்கா பிய்ந்து வரும். ஜன்னலின் உள் விளிம்பை வெளிப்பக்கமாகச் சாய்த்து உப்புத்தாள் போட்டுவிட்டால், பக்கத்திலிருந்து பார்த்தாலும் படத்தை மறைக்காது.

எல்லா அறுப்பும், எல்லா உப்புத்தாளும் முடிந்து, பெட்டியைத் துடைத்து, ஒரு இரவு விட்டு மறுநாள் மறுபடி துடைத்த பிறகே பேனல் உள்ளே வரவேண்டும்.

சேலத்து ரசிகன் | ஏப்ரல் 6, பகல் 1:20

திரைக்கு முன்னால் ஒரு அக்ரிலிக் ஷீட் ஒட்டினால் இன்னும் பாதுகாப்பு இல்லையா?

பேனல் பட்டறை | ஏப்ரல் 6, பகல் 1:48

ஒட்டக்கூடாது தம்பி. அக்ரிலிக் பேனலைத் தொட்டால் எண்ணெய் சிந்தியது போல வானவில் வளையம் தெரியும். இடைவெளி விட்டால் நடுவில் தூசி போகும், மேடை விளக்கு அதில் பட்டுக் கண்ணைக் கூசும். கீபோர்டு மூடி இருக்கும்போது அது தேவையே இல்லை. மூடினால் கீகளின் தலைக்கும் திரைக்கும் நடுவே 15 மில்லிமீட்டராவது இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பேனலை டபுள் சைடு டேப் போட்டுப் பலகையோடு ஒட்டவும் வேண்டாம். நாளைக்குக் கழற்ற முடியாது, பலகை மழைக்காலத்தில் உப்பினால் பேனலையும் சேர்த்து முறுக்கும். பக்கப் பட்டையில் பிடிப்பு, முன் ஓரத்தில் மெல்லிய ஃபோம். பேனல் அந்தச் சட்டத்தில் சும்மா உட்கார்ந்திருக்கவேண்டும்.

கோவை மாணவன் | ஏப்ரல் 7, இரவு 7:05

இழையை ஆரம்பத்திலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கும் ஒரு சந்தேகம். என்னிடம் பழைய 17 இஞ்ச் மானிட்டர் இருக்கிறது, 1280×1024. அதைக் கழற்றி என் டவர் கேபினெட்டின் பக்கக் கதவில் பொருத்த ஆசை. ஹாஸ்டல் மேசையில் இடம் இல்லை. அளவெடுத்தால் கதவில் சரியாக வருகிறது.

மின்மினி | ஏப்ரல் 7, இரவு 7:40

தம்பி, செய்யலாம். ஆனால் உங்களுடையது வேறு கதை, முதலில் இதைப் படியுங்கள். அந்த மானிட்டருக்குள் 230 வோல்ட் நேராக வரும் பவர் போர்டு இருக்கிறது. அதில் உள்ள பெரிய கெபாசிட்டர் 325 வோல்ட் வரை பிடித்து வைத்திருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம். அந்த வயது மானிட்டர் என்றால் பின்னொளி டியூப் வகையாகத்தான் இருக்கும். அதை எரிய வைக்கும் இன்வெர்ட்டர் பல நூறு வோல்ட் தரும்.

எனவே உள்ளே இருக்கும் தகரக் கூட்டைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள். வெளிப் பிளாஸ்டிக்கை மட்டும் கழற்றி, கூடும் போர்டுகளும் அப்படியே சேர்ந்து கதவில் ஏறட்டும். பின்னால் 100×100 துளைகள் இருந்தால், எம்4 ஸ்க்ரூவில் ஒரு குறுக்குப் பட்டை கொடுத்து அதில் மாட்டிவிடலாம். டியூபுக்குப் போகும் ஒயரை நீட்டவோ வெட்டவோ கூடாது. கதவுக்கும் கேபினெட்டுக்கும் ஒரு எர்த் ஒயர் கட்டாயம். முதல் தடவை திறக்கும்போது தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோவை மாணவன் | ஏப்ரல் 7, இரவு 7:58

ரொம்ப நன்றி அக்கா. எங்கள் லேப் அசிஸ்டென்ட் அண்ணனைக் கூட வைத்துக்கொண்டு திறக்கிறேன்.

ஈரோடு நேரலை | ஏப்ரல் 19, இரவு 11:30

நண்பர்களே, பெட்டி எழுந்து நிற்கிறது. ஆனால் ஒரு சிக்கல். போர்டு நேற்று வந்தது. ஜம்பரை 3.3-ல் வைத்து, மீட்டரில் பார்த்தேன், 3.28 வந்தது. பேனலைச் சொருகினேன். படம் வந்தது, கத்திவிட்டேன் சந்தோஷத்தில். எழுத்தெல்லாம் தெளிவு. ஆனால் ஒரு கல்யாண வீடியோவைப் போட்டால் மாப்பிள்ளை முகத்தில் பச்சையும் ஊதாவுமாகத் தேமல் போல வளையம் வளையமாக ஓடுகிறது. வெள்ளைப் பின்னணியும் கருப்பு எழுத்தும் சரியாக இருக்கின்றன, மெதுவாக நிறம் மாறும் இடங்களில்தான் கோளாறு. பேனலைக் கெடுத்துவிட்டேனா?

பேனல் பட்டறை | ஏப்ரல் 20, காலை 7:12

பயப்படாதீர்கள், பேனல் நன்றாக இருக்கிறது. விற்றவர் 8 பிட் புரோகிராம் போட்டு அனுப்பிவிட்டார்.

எல்விடிஎஸ்-ஸில் ஜோடி ஜோடியாகக் கம்பி போகும். 6 பிட் பேனலுக்கு நிறம் கொண்டுபோவது மூன்று ஜோடி, 8 பிட்டுக்கு நான்கு. வீசா (VESA) என்கிற 8 பிட் முறையில் நிறத்தின் மிக முக்கியமான மேல் இரண்டு பிட் நான்காவது ஜோடியில் போகிறது. உங்கள் பேனலில் அந்த ஜோடியே இல்லை. அதனால் நிறத்தின் பெரிய அளவு தொலைந்து, சில்லறை மட்டும் வந்து சேர்கிறது. சுத்த வெள்ளைக்கும் சுத்தக் கருப்புக்கும் எல்லா பிட்டும் ஒன்று போல என்பதால் அவை தப்பிக்கும். முகத்தில்தான் நூறு சாயல், அங்கே மாட்டிக்கொள்ளும்.

உங்கள் போர்டில் யுஎஸ்பி வாய் இருக்கிறதா? இருந்தால் சரியான புரோகிராம் ஃபைலை (.bin என்று முடியும்) விற்றவரிடம் கேட்டு வாங்கி, காலியான பென் டிரைவில் போட்டு, சொருகிவிட்டு போர்டுக்கு மின்சாரம் கொடுங்கள். பட்டன் போர்டில் உள்ள விளக்கு மினுக்கும். மினுக்கி முடியும்வரை எதையும் தொடாதீர்கள். 1366×768, ஒற்றைச் சேனல், 6 பிட் என்று எழுதிக் கேளுங்கள்.

ஈரோடு நேரலை | ஏப்ரல் 21, இரவு 8:03

சரியாகிவிட்டது! விற்றவர் ஃபைலை அனுப்பினார். மூன்று நிமிஷம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது மாப்பிள்ளை மாப்பிள்ளையாக இருக்கிறார். ஓரத்தில் டாஸ்க் பார் பாதி வெட்டுப்பட்டது, டிவி போர்டு என்பதால் ஓவர்ஸ்கேன், அதாவது படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரத்தை வெட்டுவது. மெனுவில் அதையும் அணைத்துவிட்டேன். அண்ணா, நேரில் வந்தால் உங்களுக்கு ஒரு டீயாவது வாங்கிக் கொடுக்காமல் விடமாட்டேன்.

ஈரோடு நேரலை | மே 6, இரவு 10:50

முதல் வேலை முடிந்தது. ஒரு மாரியம்மன் கோயில் திருவிழா, மாலை ஐந்திலிருந்து இரவு பத்து வரை. வேனிலிருந்து இறக்கி, கொக்கியைத் தட்டி, கீபோர்டைக் கீழே வைத்து, மூன்று கேமரா ஒயர் சொருகினேன். ஆறு நிமிஷத்தில் படம் வந்துவிட்டது. முன்பு இருபத்தைந்து நிமிஷம் ஆகும். எடை 9 கிலோ 400 கிராம், ஐயா சொன்ன காம்பாக்கைவிட மூன்று கிலோ குறைவு.

பேனலின் முதுகில் ஒரு வெப்பமானிக் குமிழை ஒட்டி வைத்திருந்தேன். பந்தலுக்குள் 38, முதுகில் 44. மின்மினி அக்கா, அந்தச் சந்தில் கையை வைத்தால் காற்று மேலே ஏறுவது உணர முடிகிறது. மதர்போர்டின் ஹெச்டிஎம்ஐ வாய் வெளியே பார்ப்பதால் திரைக்கான ஒயரை வெளியே எடுத்து, குழியில் ஒரு துளை போட்டு, ரப்பர் வளையம் மாட்டித் திரும்ப உள்ளே விட்டேன். எல்போ பிளக் போட்டதால் எங்கேயும் இடிக்கவில்லை.

ஒரே ஒரு குறை. பெட்டியைத் தரையில் வைத்து, நான் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து மேலிருந்து பார்த்தால் படம் வெளுத்துத் தெரிகிறது. குனிந்து நேராகப் பார்த்தால் சரி. ஐந்து மணி நேரம் குனிந்தே இருந்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது.

பேனல் பட்டறை | மே 7, காலை 7:25

அது டிஎன் வகைப் பேனல். பக்கவாட்டில் சமாளித்துக்கொள்ளும், மேலும் கீழும் கோணம் மாறினால் நிறம் ஓடிவிடும். திரை உங்கள் கண்ணைப் பார்க்கும்படி சாயவேண்டும். பின்னாளில், கோணம் மாறினாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் வகைப் பேனல் மாற்றலாம். ஆனால் அப்போது எண், கேபிள், புரோகிராம் எல்லாம் மறுபடி பார்க்கவேண்டும்.

பழைய ஆபரேட்டர் | மே 7, காலை 8:40

தம்பி, மிகவும் மகிழ்ச்சி. நீங்கள் எழுதியதைப் படித்தபோது குவைத்து அலுவலகம் கண்ணுக்குள் வந்து போனது. முன் பக்கத்து அடியில் மடங்கும் இரண்டு கால் வைத்துப் பாருங்களேன். விரித்தால் முகம் நிமிரும், மடக்கினால் பெட்டிக்குள் போய்விடும்.

தச்சுப்பலகை | மே 7, காலை 10:05

ஐயா சொன்ன கால் நல்ல யோசனை. கணக்குப் போட்டேன்: ஆழம் 180 என்பதால் முன்பக்கம் 45 மில்லிமீட்டர் உயர்ந்தால் சுமார் 14 டிகிரி சாயும். ஒரு இஞ்ச் அகல அலுமினியம் பட்டையில் வெட்டி, இரண்டு காலையும் ஒரு குறுக்குக் கம்பியால் சேர்த்துவிடுங்கள், தனித்தனியாக இருந்தால் ஒன்று மடங்கிப் பெட்டி சரியும். கால் நேர்குத்தாக நிற்கக்கூடாது, நேர்குத்தைக் கொஞ்சம் தாண்டி முன்னால் போய் ஒரு தடுப்பில் இடித்து நிற்கவேண்டும். அப்போதுதான் யாராவது தெரியாமல் இடித்தாலும் மடங்காது. அடியில் காற்றுத் துளையை மறைக்காத இடமாகப் பார்த்துப் பொருத்துங்கள்.

ஈரோடு நேரலை | மே 9, இரவு 9:55

கால் மாட்டியாகிவிட்டது. 45 போதவில்லை, 55 வைத்தேன். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தால் படம் அப்படியே இருக்கிறது. முன்பக்கம் தூக்கியதில் அடித் துளைக்கு இன்னும் காற்று கிடைக்கிறது. இன்று இரண்டு மணி நேரம் ஓட்டியதில் முதுகு வெப்பம் 42-ஐத் தாண்டவில்லை. மொசைக் தரையில் மட்டும் கால் வழுக்குகிறது. நாளை மறுநாள் பவானியில் ஒரு கல்யாணம், அதற்குள் சைக்கிள் டியூபை வெட்டிக் காலுக்கு உறை போட்டுவிடுகிறேன். கேட்டவர்களுக்காக ஜன்னல் அட்டையின் அளவைப் பென்சில் கோட்டோடு படமெடுத்துக் கீழே போடுகிறேன். பேனல் எண் ஒன்றாக இருந்தால் மட்டும் அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.